கட்டியக்காரன் நகை: வடஆர்க்காட்டுக் கூத்தில் நயமும் நயக்குறைவும்

1. பொருளும் எல்லையும்

பாரதக் கூத்து நிகழும் இரவில் மன்னரும் மறவரும் தேவியரும் தத்தம் முறைப்படி களரிக்கு வருவர். தம் பகுதி முடிந்ததும் திரைக்குப் பின் செல்வர். இரவின் தொடக்கத்தில் முதலில் தோன்றி, விடியும்வரை பெரும்பாலும் களரியை விட்டு அகலாதவன் கட்டியக்காரன் ஒருவனே. அவனுக்குப் பெருங்கிரீடம் இல்லை, புஜக்கட்டை இல்லை, அவன் பெயரால் ஒரு நாடகமும் வழங்கவில்லை. எனினும், கூத்துக் கண்டு வீடு திரும்புவோர் மறுநாள் எடுத்துச் சொல்லிச் சிரிப்பது அவன் கூற்றையே. அவர்களே, ‘நடுச்சாமத்தில் அவன் பேச்சு சலித்துவிட்டது’ என்றும் குறை கூறுவர். இவ்விரண்டும் உண்மையே.

கட்டியக்காரன் நகை தலைமுறைகள் கடந்து நிலைத்தமைக்குக் காரணம் யாது? அது ஒருபடித்தாக அமையாமல் ஏறியும் தாழ்ந்தும் நிற்பது எதனால்? இவை இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பதும், ஆயினும் அத் தாழ்வு அனைத்தையும் ‘இது இக் கலையின் இயல்பு’ எனப் பொறுத்துக்கொள்ளல் ஆகாது என்பதும் இக் கட்டுரையின் துணிபாகும்.

ஈண்டு வடஆர்க்காடு என்றது 1989ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய மாவட்டத்தை. அதன் ஒரு பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்று, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. செய்யாறு வட்டத்துப் புரிசை முதலிய ஊர்கள் இக் கூத்தின் பெயர்பெற்ற நிலைக்களங்கள். பாலாற்றை ஒட்டிய வேலூர், மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியனவோ தோல் பதனிடுதலாலும் காலணித் தொழிலாலும் அறியப்பட்டவை. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெற்று, படுகளமும் தீமிதியும் நிகழ்ந்து விழா நிறைவுறும் மரபு இந் நிலப்பரப்பு முழுதுக்கும் உரியது. ஆதலின், கூத்தின் நகையை ஆராய்வோர் அதனைக் கேட்டுச் சிரிக்கும் உழைப்பாளரையும் உடன் வைத்தே ஆராய்தல் வேண்டும்.

பெயர் பற்றியும் ஒரு சொல். தெருக்கூத்து என்னும் பெயரே பெருவழக்கு. கலைஞருள் ஒரு சாரார் அப் பெயர் தம் கலையைத் தாழ்த்துவதெனக் கருதி, மரத்தாலாய அணிகலன்களாகிய கட்டைகளால் பெற்ற கட்டைக்கூத்து என்னும் பெயரையே மேற்கொள்வர். 1990இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் இக் கொள்கையது. இக் கட்டுரை கூத்து என்னும் பொதுச்சொல்லையே ஆளும்.

2. புகழும் வசையும்

கட்டியம் என்பது அரசர் முன்னும் இறைவன் முன்னும் நின்று புகழ் கூறுதல். அதனைக் கூறுவோன் கட்டியக்காரன். கூத்திலும் அவனது முதற்பணி இதுவே. திரைக்குப் பின் நிற்கும் வேந்தன் இன்னான், இன்ன நாட்டினன், இன்ன வலியினன் என அவைக்கு அறிவித்தல் அவன் கடமை. ஆனால், புகழ் கூறவந்த அவன் வாயே அடுத்த நொடியில் அவ் வேந்தனை எள்ளுகின்றது. வாயிலோன், தூதன், அமைச்சன், தோழன் எனப் பல நிலைகளை அவன் ஏற்பினும், புகழ்ந்த நாவால் இகழ்தல் என்னும் இவ் வியல்பு அவனை விட்டு நீங்குவதில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கூத்தினை இரண்டிரண்டாகப் பகுத்துக் காட்டுமிடத்து, வசைக்கூத்து, புகழ்க்கூத்து எனவும், வேத்தியல், பொதுவியல் எனவும் இணைகள் கூறுவர். அப் பகுப்பை இன்றைய கூத்தின் மேல் அப்படியே ஏற்றிப் பழைமை நாட்டுதல் நம் கருத்தன்று. உரையாசிரியர் தனித்தனி வகைகளாகப் பிரித்தவை கட்டியக்காரன் என்னும் ஒரே பாத்திரத்தின்கண் ஒன்றாதல் ஈண்டு நோக்கத்தக்கது. அவன் புகழும் வசையும் ஒருங்கே உரைப்பவன். வேத்தவையைப் பொதுமக்கள் முன் கொணர்ந்து நிறுத்துபவன்.

இவ் விரட்டை இயல்பின் எச்சத்தை அன்பளிப்பு அறிவிக்கும் வழக்கிலும் காணலாம். ஆட்டத்தின் நடுவே ஊரார் ஒருவர் பத்தோ நூறோ ரூபாய் அளிப்பாராயின், கதையை நிறுத்தி அவர் பெயரும் ஊரும் சொல்லி வாழ்த்துதல் பல குழுக்களில் வழக்கம். கதையின் ஓட்டம் இதனால் தடைப்படுகின்றதென்பது உண்மையே. ஆயினும், மன்னனுக்குரிய கட்டியத்தைக் குடிமகன் ஒருவன் ஒரு நொடி பெறுதலும், அவ் வாழ்த்துக்குள்ளேயே ஒரு கேலியும் கலந்து வருதலும் கூத்தின் இயல்பைப் புலப்படுத்தும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களங்கள் கூறுகின்றது. இவற்றைப் பேராசிரியர் தன்கண் தோன்றுவன எனவும் பிறன்கண் தோன்றுவன எனவும் இருபாற்படுத்துப் பொருள் காண்பர். நுண்ணிய இப் பகுப்பு நமக்கொரு துலாக்கோல் ஆகின்றது. கட்டியக்காரன் முதலில் தன் பேதைமையைக் காட்டித் தானே நகைப்பொருள் ஆகின்றான். அதன் பின்னரே பிறரை எள்ளும் உரிமை அவனுக்கு உண்டாகின்றது. தன்னை நகையாமல் பிறரை மட்டும் நகும் கட்டியக்காரன் அவ் வுரிமையை இழக்கின்றான். மேல்வரும் மதிப்பீடு அனைத்தும் இவ் வளவையை அடியொற்றியதே.

3. நிலைபேற்றின் காரணங்கள்

முதலாவது, மொழி. வேந்தர் விருத்தமும் தருவும் வசனமுமாகச் செய்யுள் சார்ந்த நடையில் பேசுவர். கட்டியக்காரனோ அவையோர் தம் வீட்டில் பேசும் தமிழைப் பேசுவான். வேந்தன் கூறிய அருஞ்சொல்லைத் தவறாக உணர்ந்தான் போலத் திருப்பிச் சொல்லுதல் அவனுடைய பழைய உத்தி. அத் தவற்றால் சிரிப்புப் பிறக்கின்றது. அத்துடன் அருஞ்சொல்லின் பொருளும் அவைக்கு விளங்கிவிடுகின்றது. இவ்வகையில் அவன் உரையாசிரியனும் ஆகின்றான். இன்றைய சித்தூர்ப் பகுதி 1911வரை வடஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. பாலாற்றங்கரை நகரங்களில் தமிழும் உருதும் தெலுங்கும் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கின்றன. இத்தகைய நிலத்தில் மொழி மயக்கத்தால் விளையும் நகைக்கு விளைநிலம் மிகுதி.

இரண்டாவது, இடமும் நாளும். பாரதக் கதை அவைக்கு முன்பே தெரியும். கர்ணன் மடிவான் என்பதை அறியாதார் அவையில் எவருமிலர். அறியாதது ஒன்றே: இன்றிரவு கட்டியக்காரன் என்ன சொல்லப்போகின்றான் என்பது. நேற்று வேறோர் ஊரில் சொன்னதை இன்று இவ்வூர்ப் பெயரும் இவ்வூர்க் குளமும் இவ்வூர் வழக்கும் சேர்த்துச் சொல்லும்போது, பழங்கதை புதுமை பெறுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொலுவீற்றிருக்கும் மன்னன், நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதா என வினவுதல் கூத்து மரபு. இவ் வினா எவ்வூரிலும் எழுவதே. ஆனால், தோல் பதனிடும் கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்டமை பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த இப் பகுதியில், ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றின் கரையில், அவ் வினா எழும்போது அவையின் காதுகள் வேறுவகையாய் விழிக்கின்றன. அப்போது கட்டியக்காரன் விடை கூறாது மன்னனை ஏற இறங்கப் பார்த்தாலே போதும். சடங்காய் நின்ற வினா உண்மையான வினாவாகிவிடும். எந்த ஏட்டிலும் எழுதப்பெறாத இப் பார்வையே இக் கலையின் உயிர்.

மூன்றாவது, நினைவின் இயல்பு. எட்டு மணி நேர ஆட்டத்தில் மிகச் சிறந்த பகுதி சில நிமிடங்களே இருப்பினும், நினைவில் தங்குவன அவையே. சலித்த நாழிகைகள் மறந்துபோகின்றன. ‘அந்தக் காலத்துக் கட்டியக்காரன் போல இன்று எவனுமில்லை’ என்னும் பேச்சு எல்லாத் தலைமுறையிலும் எழுவதற்கு இதுவே காரணம் எனலாம். பழைய ஆட்டத்தின் சிறந்த சில நிமிடங்களை இன்றைய ஆட்டத்தின் முழு இரவோடு ஒப்பிட்டு, இன்றையது குறைந்தது என முடிவு கட்டுகின்றனர். இது நேர்மையான ஒப்பீடன்று.

4. ஏற்றத்தாழ்வு மூவகை

கட்டியக்காரன் உரையில் காணும் தாழ்வுகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பகுத்தல் பொருந்தும்.

முதல்வகை, வேண்டிய தளர்ச்சி. வேடம் புனையும் கலைஞர் ஆயத்தமாகும்வரை காலத்தை நிரப்புதல் கட்டியக்காரன் பொறுப்பு. அவையும் ஓயாது உருகிக்கொண்டிருத்தல் இயலாது. அழுகைக்கும் பெருமிதத்துக்கும் இடையே கண் அயர ஓர் இடம் வேண்டும். குழந்தைகள் உறங்குவதும், பெரியோர் தேநீர் அருந்தி மீள்வதும் அவ் விடத்தேதான். இத் தளர்ச்சியைக் குறையென்பது, வயலுக்கு வரப்பு இருத்தலைக் குறையென்பது போலாம்.

இரண்டாம் வகை, முயன்று தோற்றல். கட்டியக்காரனிடம் முன்னரே அமைந்த துணுக்குகள் உண்டு. அவற்றை அவன் அவ்விரவின் அவைக்கேற்ப மாற்றுகின்றான். ஓர் ஊரில் ஆரவாரம் பெற்ற துணுக்கு அடுத்த ஊரில் எடுபடாது போகலாம். பங்குனி முதல் ஆடிவரை அடுத்தடுத்த இரவுகளில் ஆடுவோர்க்கு உடற்களைப்பும் குரற்கேடும் உண்டு. எழுதப்பட்ட நாடகத்தில் இத் தோல்விகள் ஒத்திகையில் கழிந்துவிடும். கூத்திலோ ஒத்திகையும் அரங்கேற்றமும் ஒன்றே. தோற்கும் இடர் இல்லையேல் வெல்லும் வாய்ப்பும் இல்லை என்பதனால், இவ்வகைத் தாழ்வு நயத்துக்குக் கொடுக்கும் விலை எனக் கொள்ளத்தக்கது.

மூன்றாம் வகை, பழகிய இழிவு. இது மேலை இரண்டனோடும் சேராது. சிரிப்பு வராதபோது கட்டியக்காரன் எளிதாகக் கைக்கொள்ளும் சரக்கு இது. பெண்ணின் உடலைச் சுட்டும் கொச்சை, உடற்குறை உடையாரைப் பார்த்துக் காட்டும் நடிப்பு, சாதிப் பெயர் சொல்லி இழித்தல் ஆகியன இதில் அடங்கும். இதில் முயற்சியும் இல்லை, புதுமையும் இல்லை. எவ்வூரிலும் எவ்விரவிலும் ஒரே வகையாய்ச் சொல்லப்படுவது இதுவே. ‘கட்டியக்காரன் உரை ஏற்றத்தாழ்வு உடையது; அந்தந்த நேரத்தில் பிறப்பது; ஆதலின் பொறுக்க’ என்னும் வாதம் முதல் இரு வகைக்கும் பொருந்தும்; மூன்றாவதற்குப் பொருந்தாது. அது அந்த நேரத்தில் பிறந்ததன்று. நெடுநாள் சேமித்து வைத்தது.

5. பொன்னுருவியும் சைரந்திரியும்

மேற்கூறிய மூன்றாம் வகைக் குறையை ஒழுக்கக் குறையெனச் சிலர் ஒதுக்கி, ‘கலை வேறு, ஒழுக்கம் வேறு’ என்பர். இதனைக் கலைக்குறை எனவே நிறுவுதல் இயலும். அதற்கு இரண்டு நாடகங்கள் சான்றாகும்.

கர்ண மோட்சம் கூத்து நாடகங்களுள் பெரிதும் விரும்பப்படுவது. பதினேழாம் நாட் போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். அவளோ அவனைத் தேரோட்டி மகன் எனக் கருதி, அவன் குலத்தை இகழ்ந்து வெறுப்பவள். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே கட்டியக்காரன் சொல் கொண்டு சென்று மீளும் பகுதி நகைக்குப் பெயர்பெற்றது. சொன்னதைத் திரித்துச் சொல்லுதல், சொல்லாததைச் சேர்த்துச் சொல்லுதல், இருவர்க்கும் அஞ்சுதல் என நல்ல நகைக்கு இங்கு இடம் நிரம்ப உண்டு. நாடகத்தின் உயிர்நிலையோ, பிறப்பால் ஒருவனை அளக்கும் கொடுமையே. விடியுமுன் அவை கர்ணனுக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டுமாயின், நள்ளிரவில் அவ் வவையே பிறப்பிகழ்ச்சியைச் சிரித்து ஏற்றிருத்தல் ஆகாது. இந் நாடகத்துள் சாதி சுட்டி எள்ளும் கட்டியக்காரன் தன்னை அறியாமலே பொன்னுருவியின் கட்சியில் சேர்ந்து, தன் குழு அடுத்து எழுப்பப்போகும் அழுகைச் சுவையின் வேரை அறுக்கின்றான். நகை தன் நாடகத்தையே பகைத்தல் கலைக்குறையே அன்றோ?

தோல் தொழில் நிலத்தில் இக் குறை மேலும் கூர்மை பெறுகின்றது. தோலைத் தொடுதல் இழிவு எனச் சாதிமுறை வகுத்த இழிவைச் சுமந்த மக்களின் வழியினர் பலர் இப் பகுதித் தொழிற்கூடங்களில் உழைப்பவர். அவையில் அமர்ந்திருப்போரும் அவரே. அவர்களுள் கூத்தாடும் குழுவினரும் உளர். களரியில் ஒலிக்கும் மிருதங்கமும் டோலக்கும் தோலால் ஆயவை. பதனிட்ட தோலின்றிக் கூத்துக்குத் தாளமில்லை. இதனை மறந்து தோல் தொழிலாளரை இழித்துரைக்கும் துணுக்கு, தான் நிற்கும் களரியையே இழித்துரைக்கின்றது.

இனிக் கீசக வதம். விராடனின் மைத்துனன் கீசகன் பணிப்பெண் கோலத்தில் இருக்கும் திரௌபதியை விரும்பித் துன்புறுத்துகின்றான். வீமன் பெண்ணுருக் கொண்டு அவனை எதிர்கொண்டு அழிக்கின்றான். ஆற்றல் மிக்க வீமன் நாணமுற்ற பெண்ணாய் அமர்ந்திருப்பதும், காமத்தால் அறிவிழந்த கீசகன் அவனைப் புகழ்வதும் கதையிலேயே அமைந்த நகை. இங்குக் கட்டியக்காரன் சிரிப்பை எத் திசையில் செலுத்துகின்றான் என்பதே தேர்வு. கீசகனின் பேதைமையை எள்ளுவானாயின், அவையின் சிரிப்பு வீமன் கைக்கு வலிமை சேர்க்கின்றது. சைரந்திரியின் இக்கட்டை எள்ளுவானாயின், அச் சிரிப்புக் கீசகனின் சிரிப்பாகிவிடுகின்றது. ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்கூடங்களில் பணிபுரிவோருள் பெண்கள் மிகப் பலர். பணியிடத்தில் மேலோன் ஒருவனது பார்வைக்கு அஞ்சும் பணிப்பெண்ணின் கதை அவர்க்குப் பழங்கதை மட்டும் அன்று. அவர்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுகின்றதா என்பதைக் கட்டியக்காரனும் கேட்க வேண்டும். ஆய்வாளனும் கேட்க வேண்டும்.

நல்ல கட்டியக்காரர் இவ்வெல்லையை எவரும் கற்பியாமலே உணர்கின்றனர். துகிலுரிதலில் துச்சாதனன் வேடமிட்டவர் தம் செயலுக்குப் பொறுத்தருளுமாறு ஆட்டத்தை நிறுத்தி வேண்டிக்கொள்ளும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. எவ்விடத்தில் ஆட்டம் ஆட்டமாக நில்லாது என்பதை மரபே அறிந்திருக்கின்றது என்பதற்கு இது சான்று. அவ் வறிவு நகையிலும் செல்லுதல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

6. எழுதி நிலைப்படுத்தல் தகுமா?

ஏற்றத்தாழ்வைப் போக்கக் கட்டியக்காரன் உரையை எழுதி வரையறுத்துவிடலாம் என்பார் உளர். இம் முயற்சி பிறநாட்டிலும் நிகழ்ந்ததே. இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிய ‘கொமேதியா தெல்லார்த்தே’ என்னும் நாடகத்தில் கதைச் சுருக்கம் மட்டுமே எழுத்தில் இருக்கும். நகைத் துணுக்குகளை நடிகர் இடத்துக்கேற்ப ஆக்கிக்கொள்வர். அவற்றுள் கொச்சையும் சலிப்பும் மலிந்தன எனக் கண்ட கோல்தோனி 18ஆம் நூற்றாண்டில் நடிகர் உரையை முழுதும் எழுதித் தந்தார். அதனால் இத்தாலிய நாடகத்துக்கு உயர்ந்த இலக்கியம் கிடைத்தது. எழுதா நகை மெல்லத் தேய்ந்தது. தமிழகத்தில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரும் நாடகத்தை எழுத்தின் ஒழுங்குக்குள் கொணர்ந்தவர். அவ் வொழுங்கு நகர அரங்குக்கு நலம் செய்தது. ஆனால், எழுதிய உரையில் இன்றைய ஊரின் பெயர் இராது.

இக்காலத் தொலைக்காட்சி மற்றொரு வழியைக் கண்டது. 2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ முதலிய நிகழ்ச்சிகளில் சிறு நகைக்காட்சிகள் அவையோர் முன் நடிக்கப்பட்டுப் பதிவாகித் தொகுக்கப்படுகின்றன. தளர்ந்த பகுதி வெட்டப்படுவதால் முதல் இரு வகைத் தாழ்வும் மறைகின்றன. மூன்றாம் வகையோ மறைவதில்லை. உருவக் கேலியும், பெண்வேடமிட்ட ஆடவரைக் கொண்டு எழுப்பும் சிரிப்பும் தொகுப்பிலும் எஞ்சுகின்றன. ஏற்றத்தாழ்வை நீக்கினால் இழிவும் நீங்கிவிடும் என்னும் கருத்துப் பொருந்தாமை இதனால் விளங்கும். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மருந்து பயிற்சியிலேயே உளது. கட்டைக்கூத்துச் சங்கத்தைச் சார்ந்த குருகுலத்தில் சிறுவரோடு சிறுமியரும் இக் கலையைப் பயின்றனர். ஆடவர் மட்டுமே ஆடிய களரியில் பெண் ஒருத்தி நிற்பாளாயின், பெண்ணைப் பற்றிய பழஞ்சரக்கு அப்படியே செல்லுபடியாகாது. எவரும் தடைவிதிக்காமலே துணுக்கு மாறவேண்டிய நிலை வரும். மரபு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் முறை இது.

7. ஆய்வாளர்க்கு

அச்சிட்ட கூத்து நூல்களில் கட்டியக்காரனின் உரை மிகச் சுருங்கியே இடம்பெறுகின்றது. ரிச்சர்டு பிராஸ்கா 1990இலும், ஹன்னே டி புரூயின் 1999இலும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் நிகழ்த்துகலை நோக்கில் கூத்தை ஆராய்ந்து நமக்கு வழிகாட்டின. எனினும், தமிழ்த்துறை மாணவர் பலர் இன்றும் அச்சுப் பிரதி ஒன்றையோ, ஓர் இரவின் ஒலிப்பதிவு ஒன்றையோ கொண்டு கூத்தின் நகைத்திறனை மதிப்பிட்டுவிடுகின்றனர். ஓர் இரவைக் கொண்டு கட்டியக்காரனை அளத்தல், ஒரு பிரதியைக் கொண்டு பாடம் உறுதி செய்தலை ஒக்கும். சுவடிப் பதிப்பாசிரியர் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காட்டுவது போல, ஒரே குழு ஒரே நாடகத்தைப் பல ஊர்களில் ஆடும் இரவுகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். எல்லா இரவிலும் மாறாது நிற்பது எது, ஊருக்கேற்ப மாறுவது எது, எந்த அவை எந்தத் துணுக்கை மறுத்தது என்பன அப்பொழுதே புலனாகும். மறுக்கப்பட்ட துணுக்கும் பாடமே. அவை வாய்மூடி இருந்த இடத்தைக் குறித்துவைத்தல், அவை சிரித்த இடத்தைக் குறித்தலினும் பயனுடையது.

தொகுத்து நோக்கின், கட்டியக்காரன் நகை நிலைத்தமைக்கும் அது சீரற்று நிற்பதற்கும் அது எழுதப்படாமல், இவ்வூரில், இவ்விரவில், இவ்வவையோடு கூடிப் பிறப்பதே காரணம். தளர்ச்சியும் தோல்வியும் அப் பிறப்பின் உடன்பிறந்தன. அவற்றைப் பொறுத்தல் முறை. பழகிய இழிவு அதனோடு பிறந்ததன்று. அதனைப் பொறுத்தல் கலைக்கும் அவைக்கும் செய்யும் தீங்கு. புகழவேண்டியவனைப் புகழ்ந்து, இகழவேண்டியவனை இகழ்ந்து, அதற்குமுன் தன்னையே நகும் கட்டியக்காரனுக்கு எட்டு மணி நேரத்தில் பத்து நிமிடமே சிறப்பாக வாய்ப்பினும் போதும். அவைக்கு அது நிறைவான இரவே.